சதவீதக் கணக்கில் தப்பு வருகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டில் சதவீதக் கணக்கு தப்பாகியிருந்தால், பெருக்கலையும் வகுத்தலையும்தான் முதலில் சோதிக்கிறோம். பல நேரம் அவை சரியாகவே இருக்கும். பிசகு அதற்கு முன்பே நடந்திருக்கும். எந்த அளவை நூறாக வைத்துக் கணக்குப் போடுகிறோம் என்று பிள்ளை யோசித்திருக்காது, அல்லது வேறு ஏதோ ஒரு அளவை நூறாக வைத்திருக்கும். இந்த இடத்தைப் பிடித்துவிட்டால் பாதிச் சூத்திரங்களை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

விடைகளில் அடிக்கடி தென்படும் அறிகுறிகளைக் கீழே கொடுத்திருக்கிறேன். உங்கள் பிள்ளையின் நோட்டில் எது தெரிகிறதோ நேராக அங்கே போகலாம். நீங்களே மாணவர் என்றால் உங்கள் நோட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் அறிகுறிக்கான சோதனையை மட்டும் எல்லோரும் செய்துவிடுங்கள். அதில் தேறாமல் மற்றவற்றுக்குப் போனால் நேரம்தான் வீணாகும்.

"60-க்கு 45 எடுத்தேன், அதனால் 45%"

இதன் இன்னொரு வடிவம்: தமிழில் 40-க்கு 32, அறிவியலில் 60-க்கு 45. எதில் நன்றாகச் செய்திருக்கிறாய் என்று கேட்டால், 45 பெரியது, அதனால் அறிவியல் என்று பதில் வரும்.

% என்பதைக் கிலோ, மீட்டர் போல எண்ணுக்குப் பின்னால் ஒட்டும் ஒரு குறியாகப் பிள்ளை நினைத்துக்கொண்டதுதான் காரணம். அது ஒரு ஒப்பீடு என்பதும், மொத்தத்தை நூறு என்று வைத்தால் இந்தப் பங்கு எத்தனை ஆகும் என்பதற்கான பதில் என்பதும் மனதில் ஏறவில்லை.

ஏன் நூறு என்று பிள்ளை கேட்டால், ரோமிலிருந்து தொடங்கலாம். பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் ஏலத்தில் விற்கும் பொருளுக்கு 100-ல் ஒரு பங்கு வரி. வாரிசாக வரும் சொத்துக்கு, கி.பி. 6-ல் வந்த சட்டப்படி, 20-ல் ஒரு பங்கு. மனிதர்களை அடிமைகளாக விற்ற கொடுமைக்கும் அங்கே வரி இருந்தது. அது பிற்காலத்தில் 25-ல் ஒரு பங்காக இருந்தது. இந்த மூன்றையும் சொல்லி, எந்த வரி அதிகம் என்று கேளுங்கள். "100-ல் ஒன்று" என்று சில பிள்ளைகள் சட்டென்று சொல்லிவிடுவார்கள், நூறு பெரிய எண் என்பதால். அதை மறுக்க வேண்டாம். மூன்றையும் நூற்றுக்கு மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். 20-க்கு ஒன்று என்றால் 100-க்கு 5. 25-க்கு ஒன்று என்றால் 100-க்கு 4. ஏல வரி 100-க்கு 1. இப்போது 1, 5, 4 என்று நிற்கும்போது எது அதிகம் என்பது பார்த்த உடனே தெரிகிறது. வெவ்வேறு பகுதிகள் கொண்ட பின்னங்களை ஒரே வரிசையில் நிறுத்தி ஒப்பிடத்தான் நூறு என்ற பொது அளவு.

சரிசெய்ய, இரண்டு நீளக் கோடுகளை ஒன்றின் கீழ் ஒன்றாக வரையச் சொல்லுங்கள். மேல் கோட்டில் 0 முதல் 60 வரை, கீழ்க் கோட்டில் 0 முதல் 100 வரை. 60-க்கு நேர் கீழே 100 வர வேண்டும். பாதியில் 30-க்குக் கீழே 50. அதில் பாதி 15-க்குக் கீழே 25. அப்படியானால் 45-க்குக் கீழே 75. அறிவியல் 75%, தமிழ் 80%. இந்த இரட்டைக் கோடு பின்னால் வரும் எல்லா அறிகுறிகளுக்கும் வேண்டும், கிழித்துப் போட வேண்டாம்.

5%-ஐ 0.5 என்றும், 0.5%-ஐ 50% என்றும் எழுதுவது

இது தசமப் புள்ளி எங்கே போகிறது என்று தெரியாத குழப்பம். இரண்டு இடம் இடப்பக்கம் தள்ளு என்ற விதி மட்டும் நினைவில் இருக்கிறது, ஏன் தள்ளுகிறோம் என்பது இல்லை.

ஐரோப்பாவில் தசமப் புள்ளிக்கு முன்பே நூற்றுக்கு இத்தனை என்று கணக்கெழுதும் வழக்கம் வந்துவிட்டது. இத்தாலிய வணிகர்கள் 15-ஆம் நூற்றாண்டிலேயே லாபத்தையும் வட்டியையும் "பெர் சென்டோ", அதாவது நூற்றுக்கு, என்று எழுதினார்கள். பிளாண்டர்ஸ் பகுதியைச் (இன்றைய பெல்ஜியம்) சேர்ந்த கணித அறிஞர் சைமன் ஸ்டெவின் தசமப் பின்னங்களை விளக்கிச் சிறு நூல் வெளியிட்டது 1585-ல். அதற்கு முன்பு வாழ்ந்த வியாபாரிகள் தசமம் இல்லாமலேயே சதவீதம் போட்டார்கள். பிள்ளையும் முதலில் அப்படிப் போடட்டும் என்பதுதான் என் கருத்து. பாடப்புத்தகம் தசமத்தைச் சீக்கிரமே கொண்டுவந்துவிடுகிறது. அவசரப்பட வேண்டாம்.

ஒரு வாரம் புள்ளி வைக்கும் விதியே கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 700-ல் 5% எவ்வளவு? 700-ல் ஏழு நூறுகள். ஒவ்வொரு நூற்றுக்கும் 5. ஆக 35. அப்புறம் 750: ஏழு நூறுக்கு 35, மீதி அரை நூறுக்கு இரண்டரை, மொத்தம் முப்பத்தேழரை. 0.5% வந்தால் மறுபடி ரோமுக்குப் போகலாம். அந்த 100-ல் ஒரு பங்கு ஏல வரியை கி.பி. 17-ல் பேரரசர் டைபீரியஸ் 200-ல் ஒரு பங்காகக் குறைத்தார். நூறு காசுக்கு அரைக் காசு, ஆயிரம் காசுக்கு ஐந்து காசு. அதுதான் 0.5%. அதைப் போய் 50% என்று எழுதினால் நூறு காசுக்கு ஐம்பது காசு வரியாகப் போயிருக்கும். இது பதிந்த பிறகு 5/100 = 0.05, 0.5/100 = 0.005 என்று தசமத்தைக் கொண்டுவந்தால் புள்ளி தானாக இடத்தில் விழும்.

% குறியில் உள்ள இரண்டு வட்டங்களும் 100-ல் உள்ள இரண்டு பூஜ்யங்கள் என்று பல இடங்களில் சொல்லித்தருகிறார்கள். நினைவில் வைக்க உதவலாம், ஆனால் பிறந்த கதை அது அல்ல. "பெர் சென்டோ"வைக் கணக்கர்கள் வேகமாகச் சுருக்கி எழுதினார்கள். 1425 வாக்கில் எழுதப்பட்ட ஓர் இத்தாலியக் கையெழுத்துப் பிரதியில் அந்தச் சுருக்கத்தின் மேல் ஒரு சிறு சுழி தெரிகிறது. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் அது கிடைக்கோட்டுக்கு மேலும் கீழும் ஒரு வட்டமாக மாறியது. பிற்பாடு முன்னால் இருந்த "பெர்" உதிர்ந்தது, கோடு சாய்ந்தது.

மனக்கணக்கில் சின்னச் சதவீதத்துக்குக்கூடத் தடுமாற்றம்

இது பெரிய கோளாறு அல்ல. கால் 25, அரை 50, முக்கால் 75, அரைக்கால் பன்னிரண்டரை என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் போதும். நம் பழைய எண்சுவடிக் கணக்கில் ஒரு மா என்பது 20-ல் ஒரு பங்கு, அதாவது 5%. நாலுமா என்றால் 20%. வீட்டில் தாத்தா பாட்டிக்கு இந்த வாய்ப்பாடு தெரிந்திருந்தால் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே ஒன்று: 25-ல் 16% என்பதும் 16-ல் 25% என்பதும் ஒன்றேதான். இரண்டிலும் 16-ஐயும் 25-ஐயும் பெருக்கி நூறால் வகுக்கிறோம். முதலாவது கடினமாகத் தெரிந்தால் இரண்டாவதைப் போடலாம். 16-ல் கால், நாலு.

"100%-க்கு மேல் சதவீதமே கிடையாது"

மதிப்பெண்ணில் மட்டும் சதவீதத்தைப் பார்த்த பிள்ளை இப்படித்தான் சொல்லும். மதிப்பெண்ணில் அது உண்மையும்கூட, ஏனென்றால் பங்கு முழுவதைத் தாண்டாது. ஆனால் ஒரு அளவை இன்னொரு அளவோடு ஒப்பிடும்போது எல்லை இல்லை. 20 ரூபாய்க்கு விற்ற தக்காளி 50 ரூபாய் ஆனால், ஏறியது 30. பழைய விலை 20-ஐ நூறாக வைத்தால் ஏற்றம் 150%, புது விலை பழையதில் 250%. "ஏற்றம் எத்தனை சதவீதம்", "பழையதில் எத்தனை சதவீதம்" என்ற இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே விடை வந்தால் இன்னும் குழப்பம் இருக்கிறது.

இறக்கம் வேறு. விலை 100% இறங்கினாலே இலவசம். 120% இறங்கியது என்று விடை வந்தால் கணக்கைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

"20% ஏறி 20% இறங்கினால் பழைய விலைதான்"

இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். பெரியவர்களிடமும் இது இருக்கிறது.

500 ரூபாய்ப் பொருள் 20% ஏறுகிறது. 500-ல் 20% என்பது 100, புது விலை 600. அப்புறம் 20% இறங்குகிறது. "100 ஏறியது, 100 இறங்கும்" என்று பிள்ளை சொல்லும். அந்த நொடியில் விடையைத் திருத்தாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இறங்கும்போது எதை நூறாக வைத்தாய்? கடைக்காரர் இப்போது பார்ப்பது 600-ஐ. 600-ல் 20% என்பது 120. விலை 480-க்கு வந்து நிற்கிறது.

இரட்டைக் கோட்டை இரண்டு தடவை வரைந்தால் இது கண்ணுக்குத் தெரியும். முதல் படத்தில் 500-க்கு நேர் கீழே 100. இரண்டாவது படத்தில் 600-க்கு நேர் கீழே 100. இரண்டு கோடுகளிலும் 20 என்ற இடம் ஒன்றாகத் தெரிந்தாலும், முதலாவதில் அதற்கு மேலே நிற்கும் ரூபாய் 100, இரண்டாவதில் 120.

இதே கோளாறு வேறு உருவங்களிலும் வரும். விளம்பரத்தில் "50% தள்ளுபடி, அதற்கு மேல் 20% தள்ளுபடி" என்று இருந்தால் 70% குறைவு என்று பிள்ளை கூட்டிவிடும். 1000 ரூபாய் முதலில் 500 ஆகிறது. அடுத்த 20% அந்த 500-க்குத்தான், அதாவது 100. கட்ட வேண்டியது 400, மொத்தத் தள்ளுபடி 60%. இன்னொன்று: அக்கா தம்பியைவிட 25% அதிகம் சேமித்தாள் என்றால், தம்பி அக்காவைவிட எத்தனை சதவீதம் குறைவு? 25 இல்லை. தம்பி 100 என்றால் அக்கா 125. இப்போது அக்காவை நூறாக வைக்க வேண்டும். 125-ல் 25 என்பது ஐந்தில் ஒரு பங்கு, 20%. "விட" என்ற சொல் யாருடைய பெயரோடு ஒட்டியிருக்கிறதோ அவருடைய தொகைதான் நூறு. வினாத்தாளில் "விட", "-ல்", "மீது" என்பவற்றின் கீழ் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். அதன் பிறகே கணக்கைத் தொடங்கட்டும்.

வரி சேர்த்த தொகையிலிருந்து வரியைப் பிரிக்கும்போது விடை ஒத்துவராமல் போவது

18% ஜிஎஸ்டி சேர்த்து 1180 ரூபாய். பொருளின் விலை என்ன? பிள்ளை 1180-ல் 18% கண்டுபிடித்து, 212.40-ஐக் கழித்து, 967.60 என்று எழுதும்.

இதைப் பிடிப்பது எளிது. விடையைத் திரும்ப ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். 967.60-க்கு 18% வரி போட்டால் சுமார் 174 ரூபாய், கூட்டினால் 1142-ஐக்கூட எட்டவில்லை. ஆக எங்கோ பிசகு. வரி போட்டது பொருளின் விலை மீது, அதனால் அந்த விலைதான் 100. கையில் இருக்கும் 1180 என்பது 118. 118-க்கு 1180 என்றால் ஒன்றுக்கு 10, நூற்றுக்கு 1000. வரி 180.

தள்ளுபடிக்குப் பிந்தைய விலையிலிருந்து பழைய விலையைத் தேடுவதும் இதே வழிதான். 30% தள்ளுபடி என்றால் கையில் இருப்பது 70.

"ரெண்டு வட்டி" 9%-ஐவிடக் குறைவு என்று சொல்வது

ஏழாம் வகுப்பில் சதவீதத்தோடு தனிவட்டியும் வந்துவிடுகிறது. எண்களைப் பொருத்தி விடை எழுதும் பிள்ளையிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்: வங்கியில் 9% வட்டி, தெருவில் ஒருவர் ரெண்டு வட்டிக்குக் கடன் தருகிறார். எது மலிவு? 2 சிறியது, ரெண்டு வட்டிதான் மலிவு என்று பதில் வந்தால் இந்தப் பகுதி அவசியம் வேண்டும். நாளைக்கு வீட்டுக் கடனைப் பற்றிப் பேசப்போகும் பிள்ளை இதில் ஏமாறக் கூடாது.

இங்கே நூறு சரியாக இருக்கிறது, காலம்தான் தொலைந்திருக்கிறது. ஊர்ப் பேச்சில் ரெண்டு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். வங்கி சொல்லும் 9% நூற்றுக்கு ஆண்டு முழுவதற்கும் 9 ரூபாய். 50,000 ரூபாய் வாங்கினால், அதில் 500 நூறுகள். ரெண்டு வட்டிக்கு மாதம் 1000, ஆண்டுக்கு 12,000. வங்கிக்கு ஆண்டுக்கு, அசல் குறையாமல் இருந்தால், 4,500. ரெண்டு வட்டி என்பது ஆண்டுக்கு 24%. வங்கியின் 9%-ஐ ஊர்க் கணக்கில் சொன்னால் நூற்றுக்கு மாதம் 75 பைசா.

நூற்றுக்கு மாதம் இத்தனை என்று வட்டி பேசுவது மிகப் பழைய வழக்கம். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் என்ற பழைய அரசியல் நூல் நூறு பணத்துக்கு (பணம் என்பது அக்கால நாணயம்) மாதம் ஒன்றேகால் பணம் வட்டிதான் முறையானது என்கிறது. வணிகத்துக்கு வாங்கினால் 5 பணம், காட்டு வழி போகும் வியாபாரிகளுக்கு 10, கடல் வியாபாரிகளுக்கு 20. காட்டிலும் கடலிலும் போகும் சரக்கு திரும்பி வருமா என்பது நிச்சயமில்லை, கொடுத்தவருடைய ஆபத்து கூடக் கூட வட்டியும் ஏறுகிறது. இவற்றை ஆண்டுக்கு மாற்றச் சொல்லுங்கள்: 15%, 60%, 120%, 240%. நூற்றுக்கு மேல் சதவீதம் உண்டா என்று கேட்ட பிள்ளைக்கு இதோ கடல் வியாபாரியின் கடன். ரோமிலும் கடன் கணக்கு மாதம் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் ஓடியது. அது ஆண்டுக்கு 12%.

ஆகவே வட்டிக் கணக்கில் மட்டும் இரண்டு கேள்விகள்: எதை நூறாக வைத்தாய், எவ்வளவு காலத்துக்கு? இரண்டாவதற்குப் பதில் எழுதாமல் சூத்திரத்தைத் தொடக் கூடாது.

சதவீதங்களை நேராகக் கழித்து "இத்தனை சதவீதம் கூடியது" என்பது

தமிழ்நாட்டின் எழுத்தறிவு 2001 கணக்கெடுப்பில் 73.45%, 2011-ல் 80.09%. எவ்வளவு கூடியது? கழித்தால் 6.64. இதை 6.64% உயர்வு என்று எழுதினால் தப்பு, 6.64 சதவீதப் புள்ளி உயர்வு என்பது சரி. சதவீத உயர்வு வேண்டுமானால் பழைய 73.45-ஐ நூறாக வைத்து 6.64-ஐப் பார்க்க வேண்டும். அப்போது சுமார் 9%. இரண்டுமே சரியான எண்கள்தான், பெயர் மாறிப் போகக் கூடாது. செய்தித்தாளில் வாக்கு வீதம், வட்டி வீதம் பற்றிய செய்தியை வெட்டிக் கொடுத்து, எது புள்ளி எது சதவீதம் என்று பிரிக்கச் சொன்னால் நன்றாகப் பதியும்.

இரண்டு சதவீதங்களைக் கூட்டி இரண்டால் வகுப்பது

ஒரு பிரிவில் 10 பேரில் 9 பேர் தேர்ச்சி, 90%. இன்னொரு பிரிவில் 40 பேரில் 20 பேர், 50%. சராசரி 70% என்று பிள்ளை எழுதினால், தலைகளை எண்ணச் சொல்லுங்கள். 50 பேரில் 29 பேர், அதாவது 58%. பெரிய பிரிவு விடையைத் தன் பக்கம் இழுத்திருக்கிறது.

அப்படியானால் நேர் சராசரி எப்போதாவது சரியாக வருமா என்று கேட்கும் பிள்ளைக்கு அதே 2011 கணக்கெடுப்பைக் காட்டலாம். தமிழ்நாட்டில் ஆண்களின் எழுத்தறிவு 86.77%, பெண்களுடையது 73.44%. நேர் சராசரி 80.1 வருகிறது, உண்மையான மொத்தம் 80.09. ஏறத்தாழப் பொருந்துவதற்குக் காரணம், இங்கே 1000 ஆண்களுக்கு 996 பெண்கள். இரண்டு கூட்டமும் கிட்டத்தட்ட சம அளவு.

சரியாகிவிட்டதா என்று பார்க்க

கீழே உள்ள மூன்றையும் உதவி இல்லாமல் போடட்டும். விடையோடு, எதை நூறாக வைத்தேன் என்று ஒரு வரியும் எழுத வேண்டும்.

30% தள்ளுபடிக்குப் பிறகு சட்டையின் விலை 840 ரூபாய். முதல் விலை என்ன? (முதல் விலை 100, கையில் இருப்பது 70. விடை 1200.)

ஒரு ஊரில் மழை சென்ற ஆண்டைவிட 50% குறைந்தது. மறுபடி பழைய அளவுக்கு வர எத்தனை சதவீதம் கூட வேண்டும்? (குறைந்துபோன இந்த ஆண்டு அளவுதான் இப்போது 100. விடை 100%.)

மூன்றாவது கணக்கு 1150-ல் பாஸ்கரர் எழுதிய லீலாவதி என்ற கணித நூலில் இருக்கிறது: நூற்றுக்கு மாதம் 5 வட்டி என்றால், 16-க்கு ஓர் ஆண்டு வட்டி என்ன? நூற்றுக்கு 5 என்றால் 20-க்கு 1, ஆக 16-க்கு ஐந்தில் நான்கு பங்கு. அது ஒரு மாதத்துக்கு. பன்னிரண்டு மாதத்துக்கு 48/5, அதாவது 9 3/5. வேறு வழியிலும் போட்டுப் பார்க்கலாம்: மாதம் 5 என்றால் ஆண்டுக்கு 60%, 16-ல் 60% என்பது 9.6. இரண்டும் ஒன்றுதான் என்று பிள்ளையே கண்டுபிடித்துவிட்டால், அந்த 5 கௌடில்யரின் பட்டியலில் எந்தக் கடனுக்கு உரியது என்றும் கேட்டுப் பாருங்கள்.